பள்ளத்தாக்குச் சீட்டு

கண்ணையனுக்கு டாக்டர் கொடுத்திருந்த கெடு இன்று மாலை நாலு மணியோடு முடிகிறது.

மூன்று வாரமாக ஒரே ஒரு வார்த்தையை மனைவியிடம் சொல்லாமல் அவர் மறைத்துவைத்திருக்கிறார். மாணிக்கம்மாளின் இடது கன்னத்துக்கு உட்புறம் வந்திருக்கும் புண், வீட்டில் சொல்லிவைத்திருப்பது போலப் பல் குத்தி வந்ததல்ல. புற்றுநோய்.

கழனி வேலைக்குப் போன பதினைந்து வயதிலிருந்து, வெற்றிலையோடு புகையிலைத் துண்டை அந்தக் கன்னத்தில்தான் அவள் ஒதுக்கிவைப்பாள். முதலில் அங்கே வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. பிறகு மிளகாய் பட்டால் எரிந்தது. பிறகு ஆறாத புண்ணாகிவிட்டது. நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் டாக்டர் சக்கரபாணி மிளகளவு சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று மாணிக்கம்மாளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் புருஷனை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். டாக்டர்கள் எல்லாரும் செய்கிற வழக்கம்தான்.

ஆனால் வேலூர் ஆஸ்பத்திரியில் ரேடியம் ஊசி வைக்க இடம் கேட்டபோது, இந்த வழக்கம் டாக்டருக்கே சரிப்படவில்லை.

ரேடியம் ஊசி என்பது மருந்து ஏற்றுகிற ஊசி அல்ல. தையல் ஊசியைப் பாதியாக ஒடித்தது போல இருக்கும். அதன் உள்ளே குழல். குழலுக்குள் துளியூண்டு ரேடியம் உப்பு. ஒவ்வொன்றின் காதிலும் பட்டு நூல் கோத்திருக்கும். புண்ணைச் சுற்றி, நாற்று நடுவது போல இடைவெளி விட்டு, இந்த ஊசிகளைக் கன்னத்துச் சதையில் நட்டுவிடுவார்கள். அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் ஓயாமல் கிளம்பிக்கொண்டிருக்கும். அடங்காமல் பெருகுகிற சதை அதில் சாகும். நல்ல சதை அடிபட்டாலும் தேறிக்கொள்ளும். ஏழு நாள் கழித்து நூலைப் பிடித்து ஊசிகளை எடுத்துவிடுவார்கள். அந்த ஏழு நாளும் நோயாளி தனி அறையில் கிடக்க வேண்டும். பேசக் கூடாது, மெல்லக் கூடாது. நர்சுகள்கூட வந்த வேலையைச் சில நிமிடத்தில் முடித்துக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். கதிர் அவர்கள் மேலும் படுமே.

"கன்னத்துல என்ன இருக்கு, எதுக்கு இருக்குன்னே தெரியாதவங்க ரெண்டாம் நாளே நூலைப் பிடிச்சு இழுத்துடுவாங்க, கண்ணையன்" என்று திங்கட்கிழமை டாக்டர் சொல்லியிருந்தார். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. அவங்களே கையெழுத்துப் போட்டாத்தான் கடிதம் அனுப்புவேன். செவ்வாய்க்கிழமை அங்க ஒரு படுக்கை காலியாகுது. அதை விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாது."

வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

எட்டாம் பிளாக்கில் அந்த வீட்டில் முதல் ஷிப்டு நாட்களில் ஐந்து மணிக்கே ஜெபம். மாணிக்கம்மாள் தலையில் முந்தானை போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். கண்ணையன் காக்கி உடுப்போடு எதிரே உட்கார்ந்தார். அவருடைய அக்கா பட்டம்மாள் சுவரில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தம்பி வரச்சொன்னான் என்று வந்து நாலு நாள் ஆகிறது. தம்பி கல்யாணத்தோடு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டது அவளுக்கு இருபத்தைந்து வருஷமாகியும் சம்மதமில்லை. ஆனால் இவர்கள் ஜெபத்துக்கு உட்காரும்போது எழுந்து போகவும் மாட்டாள்.

ஜெபம் முடிந்ததும் சீட்டு எடுப்பது வழக்கம். மாணிக்கம்மாள் பண்ருட்டி மிஷன் போர்டிங்கில் எட்டாவது வரை படித்தவள். வளர்ந்த பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை உறுதிசொல்லும் திடப்படுத்தல் ஆராதனையன்று அங்கே கொடுத்த தகரப் பெட்டி அது. வேத வசனங்களைப் பிள்ளைகளே துண்டுத் தாளில் எழுதி, விளக்குத் திரி போலச் சுருட்டி, நூற்றிருபது சீட்டுகளைத் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்படி நெருக்கி அடுக்கியிருப்பார்கள். விரலால் எடுக்க வராது. கொண்டை ஊசியை விட்டு ஒன்றை நெம்பி எடுக்க வேண்டும். எடுத்ததைப் படித்துவிட்டு மறுபடி சுருட்டிச் செருக வேண்டும். அந்த வசனம் அன்றைய நாளுக்கு.

"கிளி இல்லாத கிளி ஜோசியம்" என்றாள் பட்டம்மாள்.

"ஜோசியம் இல்ல அண்ணி. என்னா நடக்கும்னு இது சொல்லாது. கூட யாரு இருக்காங்கன்னுதான் சொல்லும்."

"எங்கூரு கிளி ரெண்டயும் சொல்லும்."

மாணிக்கம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு சீட்டை நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிரித்தாள். உன் காயங்களை ஆற்றுவேன் என்கிற பொருளில் ஒரு வசனம். படித்தாள். சீட்டின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினாள். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"நேத்தும் ஆத்துறதுதான். முந்தாநாளும் ஆத்துறதுதான்" என்றாள்.

"நல்லதுதான?" என்றார் கண்ணையன்.

"நல்லதுதான்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நல்ல வசனமாக வந்ததும் அந்தச் சூட்டோடு சொல்லிவிடுவது என்பதுதான் அவர் போட்டிருந்த திட்டம். தொண்டையைச் செருமினார்.

"மாணிக்கம்..."

"இன்னாங்க?"

"பஸ்ஸு வந்துரும்" என்று சொல்லிவிட்டு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணையன் சுரங்கத்தில் பம்பு ஆபரேட்டர். நெய்வேலியில் நிலக்கரியைத் தோண்டுவதைவிடத் தண்ணீரை அடக்குவது பெரிய வேலை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே மணல். அந்த மணல் முழுக்கத் தண்ணீர், சும்மா தேங்கி நிற்காமல் மேலே எகிறத் துடிக்கிற தண்ணீர். உலையில் கொதிக்கிற பானையின் மூடி மேல் அம்மிக் குழவியை வைத்தது போல, மேலே இருக்கிற மண்ணின் பாரம்தான் அதை அமுக்கிவைத்திருக்கிறது. சுரங்கத்துக்காக மண்ணை அள்ளினால் குழவியை எடுத்துவிட்டது போலத்தான். தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பம்பின் தண்டு சுழல்கிற இடத்தில் தண்ணீர் பீறாமல் இருக்க, கிரீஸில் ஊறிய பருத்திக் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி அடைத்திருப்பார்கள். பேக்கிங் கயிறு என்று பெயர். அதை ஒரேயடியாக இறுக்கிவிடக் கூடாது. சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கசிய வேண்டும். கசிவே இல்லையென்றால் தண்டு சூடேறிக் கயிறு கருகிவிடும். புதிதாக வருகிற ஆட்களுக்குக் கண்ணையன் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான். ஆனால் மூன்று வாரமாக அவர் தன்னிடமிருந்து ஒரு சொட்டுக்கூடக் கசிய விடவில்லை.

அன்று காலை ஆறாம் நம்பர் பம்பின் முன்னால் நின்றுகொண்டு, "மாணிக்கம், அது பல்லுப் புண்ணு இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பம்பின் இரைச்சலில் அவருக்கே கேட்கவில்லை. அதனால் நாலைந்து தடவை தைரியமாகச் சொன்னார்.

வீட்டில் பதினோரு மணிக்குச் சோற்றைக் குழையக் குழைய மோரில் கரைத்துக் குடித்துவிட்டு, மாணிக்கம்மாள் தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியைச் சாய்த்து, சீட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பார்த்தாள். கொண்டை ஊசியை அடிவரை விட்டு இழுத்தாள். கறுப்பாக, கனமாக, ஒரு முழ நீளத்துக்கு ஏதோ சுருண்டு வந்தது.

"அய்யோ, இன்னாடி அது? எலி வாலா?" என்று பட்டம்மாள் காலைத் தூக்கிக்கொண்டாள்.

மாணிக்கம்மாள் முகர்ந்து பார்த்தாள். கிரீஸ் வாடை. இருபத்தைந்து வருஷத்தில் அரிவாள், மண்வெட்டி, இப்போது பம்பு என்று புருஷனின் கையில் மாறிவந்த வாடைகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். வந்த சிரிப்பைக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடக்கினாள்.

"பேக்கிங் கயிறு அண்ணி. உங்க தம்பி வேல."

"எனக்கு ஒன்னும் தெரியாது" என்றாள் பட்டம்மாள் உடனே.

"நான் இன்னும் ஒன்னும் கேக்கலியே?"

பட்டம்மாள் வெற்றிலையை மெல்வதை நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பதைச் சொல்ல அதுவே போதும்.

மாணிக்கம்மாள் சீட்டுகளைப் பாயில் கொட்டி எண்ணினாள். முப்பத்தொன்று. எல்லாம் குணமாக்குகிறவை, ஆற்றுகிறவை, நீண்ட ஆயுசு கொடுக்கிறவை. மற்ற எண்பத்தொன்பதும் இல்லை. அவற்றை எடுத்துவிட்டால் சீட்டுகள் தளர்ந்து சாய்ந்துவிடும். பெட்டியைத் தூக்கினால் கடகடக்கும். அதற்காகத்தான் இந்தக் கயிறு. பம்புக்காரருக்கு இடைவெளியை அடைக்க வேறு எது தோன்றும்?

எது எதை எடுத்திருக்கிறார் என்று பார்த்தபோதுதான் அவள் சிரிப்பு நின்றது. சாவு என்கிற சொல் வருகிற ஒரு சீட்டுகூட இல்லை. கண்ணீர் என்று வருவதும் இல்லை.

மூன்று வாரமாகத் தினம் சாத்துக்குடி வாங்கி வருகிறார். பல் டாக்டர் வேலூரில்தான் நன்றாகப் பார்ப்பார் என்கிறார். அவள் கேட்காமலே அடுப்பு மூட்டுகிறார். அவள் சந்தேகப்பட்டிருந்தாள், அதைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள். இப்போது அது எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது.

கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரே என்று ஆரம்பித்தாள். மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. குணமாக்கும் என்று கேட்டாள். அதற்குப் பிறகும் ஏதோ மிச்சம் இருந்தது. நான் பயந்துபோயிருக்கிறேன், இங்கேயே இரும் என்றாள். அதைச் சொன்ன பிறகு எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவ முடிந்தது.

பட்டம்மாள் பின்னாலேயே வந்து துண்டை நீட்டினாள். "உங்க சாமி இன்னா சொல்லுது?"

"ஒன்னும் சொல்லல அண்ணி. போவாம இருக்கார்."

இரண்டரை மணிக்குக் கண்ணையன் வந்தார். கை கால் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், இவர் இன்று சொல்லத்தான் போகிறார் என்று மாணிக்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது. தடுக்காமல் விட்டாள்.

"மாணிக்கம், எங்க மைன்ஸ்ல தண்ணி கீது பாரு."

"ம்."

"அது எப்பவும் கீழயே இருக்கும். நாம பாக்கலன்னாலும் இருக்கும். திடீர்னு எப்பனா மேல வந்துரும். வந்துரும்னு தெரிஞ்சா இன்னா பண்ணணும்? உக்காந்து அழுவக் கூடாது. சுத்தி குழா போட்டு, ராவும் பகலும் எறைச்சிகினே இருக்கணும். நல்ல மிசினு, நல்ல ஆளுங்க..."

"எறைச்சா தண்ணி தீந்துடுமா?"

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லலாம். ஆனால் பம்பு விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"தீராது. அழுத்தந்தான் எறங்கும். அது எறங்கியிருக்கறவரிக்கும் நம்ம வேல நடக்கும். சில எடத்துல நல்லாவே எறங்கிடும், அப்பறம் வரவே வராது. அதுக்குத்தான் வேலூர்ல சின்னச் சின்னதா குழா மாதிரி..."

"என்னாங்க."

"இன்னா?"

"புத்துநோய்னு சொல்றதுக்கு இத்தினி தண்ணி எறைக்கணுமா?"

கண்ணையன், ஐம்பது வயது மனிதர், அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்றும் பாராமல் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். மாணிக்கம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"சீட்டெல்லாம் எங்க?"

"டூல்ஸ் பையில. வசனத்த எப்பிடித் தூக்கிப் போடறது?"

"பெட்டிய ஜோசியக்காரன் கிளி மாதிரி பழக்கி வெச்சிட்டீங்களே. நல்ல சீட்டத் தவிர வேற எடுக்கவே எடுக்காது."

"அப்பிடிக் கேளுடி" என்றாள் பட்டம்மாள்.

அவர் பையிலிருந்து பழைய பனியன் துணியில் கட்டிய முடிச்சை எடுத்து வந்தார். மாணிக்கம்மாள் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளி, தேடினதைக் கண்டுபிடித்தாள். போர்டிங்கில் அவளே பதிமூன்று வயதில் எழுதிய சீட்டு. இருண்ட பள்ளத்தாக்கில், சாவின் நிழலிலேயே நடந்தாலும் நீர் கூடவே வருகிறீர் என்கிற சங்கீத வசனம். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

"இதப் போயி எடுத்துட்டீங்களே."

"சாவுன்னு இருக்குதேன்னு..."

"நல்லா கேளுங்க. குணமாக்குறேன்னு சொல்ற சீட்டு நல்ல சீட்டுதான். ஆனா நான் குணமாவலன்னா அந்தச் சீட்டுக்கு என்கிட்ட பேச ஒன்னும் இருக்காது. இது அப்பிடி இல்ல. நல்லானாலும் பேசும், ஆவலன்னாலும் பேசும். பள்ளத்துக்குள்ளயே எறங்கி வர ஆளு ஒருத்தரு இருக்காருன்னு சொல்லுது. எனக்கு இதுதாங்க வேணும்."

கண்ணையன் தலையாட்டினார். தினமும் பள்ளத்துக்குள் இறங்குகிறவருக்கு அது விளங்கியது.

பிறகு டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். ஊசி, நூல், தனி அறை, ஏழு நாள். அவருக்கே வியப்பாக இருந்தது. முதல் வார்த்தை போன பிறகு மற்றவை தாமாக வந்தன. ஊசிக்கு ஊசி எவ்வளவு இடைவெளி, நூலை எங்கே ஒட்டுவார்கள் என்று அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள்.

"பயமா இல்லியா?" என்று கடைசியில் கேட்டார்.

"இருக்கு. ஏழு நாளு பேசாம இருக்கறத நெனச்சாதான் ரொம்ப பயம்."

"அத நெனச்சா எனக்கு நிம்மதியா கீது" என்றாள் பட்டம்மாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். "நானும் வேலூருக்கு வரேன்டா. வெளியவே உக்காந்துக்கறேன். ஜெபம் கிபம்னு என்ன இழுக்கக் கூடாது."

மாணிக்கம்மாள் நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புடைத்திருந்த அவளுடைய வலது கன்னத்தைப் பார்த்தாள்.

"அண்ணி, வாயத் தெறங்க."

"எதுக்குடி?"

"தெறங்க. வெளிச்சத்துக்கு வாங்க."

பட்டம்மாள் புகையிலையைத் துப்பிவிட்டு வந்தாள். மாணிக்கம்மாள் அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, விரலால் கன்னத்தை விலக்கிப் பார்த்தாள். வெள்ளைத் திட்டு எதுவும் இல்லை. மறு கன்னத்தையும் பார்த்தாள். நாக்குக்கு அடியிலும் பார்த்தாள்.

"ஒன்னும் இல்ல. இன்னிலேர்ந்து விட்டுடுங்க." பிறகு ஏதோ புது வேலைக்குச் சேர்ந்தவள் போல, "இந்த பிளாக்குல எத்தினி பொம்பளைங்க பொயில போடறாங்க! திரும்பி வந்ததும் ஒருத்தி வாய விடப் போறதில்ல. என்னுத இப்பிடி யாரும் தெறந்து பாக்கல" என்றாள்.

"நாடு தாங்காது" என்றார் கண்ணையன். மூன்று வாரத்தில் அவர் சொன்ன முதல் வேடிக்கை அது.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இந்தத் தடவை மாணிக்கம்மாள் பெஞ்சில் உட்காரவில்லை. நேராக உள்ளே போனாள்.

டாக்டர் சக்கரபாணி அவளைப் பார்த்தார், பிறகு கண்ணையனைப் பார்த்தார். கண்ணையன் தலையசைத்தார். டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்தார். எல்லாம் எழுதித் தயாராக இருந்தது. நோயின் பெயர் வர வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அங்க எழுதுங்க டாக்டர்" என்றாள் மாணிக்கம்மாள். "எழுதிட்டுப் படிச்சும் காட்டுங்க. அப்பறம் கையெழுத்துப் போடறேன்."

அவர் எழுதினார். நிதானமாகத் தமிழில் சொன்னார். அவள் பேனாவை வாங்கி, க. மாணிக்கம்மாள் என்று ஓர் எழுத்தும் சேராமல் தனித்தனியாக எழுதினாள்.

"நல்லதும்மா. கிளம்பறதுக்கு முன்னால ஒரு தடவை பார்த்துடறேன்."

விளக்கைத் திருப்பி வாய்க்குள் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் அவள் தாடைக்குக் கீழே தடவிக்கொண்டே வந்தார். கழுத்தில் இதை எப்போதும் பார்ப்பார்கள். கன்னத்துப் புற்று பரவினால் முதலில் போய்ச் சேர்கிற இடம் அங்கே நெறி கட்டுகிற முடிச்சுகள்தான். அவர் விரல் இடது பக்கத்தில் நின்றது. சற்றுப் பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். பழக்கம் அவரை முந்திக்கொண்டது. "கண்ணையன், ஒரு நிமிஷம் வெளியே வாங்க" என்று கதவுப் பக்கம் நடந்தார்.

கண்ணையன் எழுந்திருக்கவில்லை. கை இரண்டையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

"எதுவா இருந்தாலும் அவங்ககிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்றார். "நான் சொன்னா ரொம்ப நேரமாவும்."

மாணிக்கம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார். தன் நாற்காலியைத் தூக்கி அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இங்கே ஒரு முடிச்சு இருக்கும்மா. போன தடவை இல்லை."

அவள் தன் விரலை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்துத் தேடினாள். வேப்பங்கொட்டை அளவில் அது இருந்தது. விரலை எடுக்காமலே சொன்னாள்:

"சொல்லுங்க."